ஊர்க்கடைக் கல்லாவில் தெரியும் புகையிலைக் கணக்கு

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே புகைப்பழக்கம் குறைந்துவருகிறது. 15 வயதுக்கு மேற்பட்டோரில் தினமும் புகைப்பவர்கள் 2012-13-ல் 41 சதவீதமாக இருந்தார்கள். 2018-19-ல் 37 சதவீதம். 2022-23 கணக்கெடுப்பில் அது 29 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஒரு தலைமுறைக்கு முன்பு வயதுவந்தோரில் பாதிப் பேர் புகைத்த சமூகத்தில் இது பெரிய மாற்றம். அதற்காக உழைத்தவர்கள் பெருமைப்படலாம்.

ஆனால் 2018-19 கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. அந்த இறக்கம் நகரங்களிலும் அவற்றைச் சுற்றிய பகுதிகளிலும் நடந்தது. தொலைதூர ஊர்களில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பும் ஏறத்தாழ பாதிப் பேர் புகைத்தார்கள், அப்போதும் ஏறத்தாழ பாதிப் பேர் புகைத்தார்கள். வடக்குப் பிரதேசத்தின் ஆர்ன்ஹெம் லேண்டில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்த சில ஊர்களில் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் புகைப்பவர்கள். நாட்டின் சராசரி இறங்கியபோது இந்த ஊர்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோயின. பழங்குடி மக்களில் பெரும்பாலோர் நகரங்களிலும் சிறுநகரங்களிலும் வாழ்வதால், தொலைதூர ஊர்களில் எதுவுமே மாறாவிட்டாலும் மொத்த எண் அழகாக இறங்கும்.

இது எண்களைப் பற்றிய வெறும் விவாதம் அல்ல. நியூ சவுத் வேல்ஸில் 45 வயதைத் தாண்டிய பழங்குடி மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2021-ல் வெளிவந்தன. அந்த வயதினரின் மரணங்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம் என்று அது சொன்னது. பாதி! வேறெந்த ஒற்றைக் காரணத்தையும் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, பழக்கம் எங்கே குறைகிறது, எங்கே அப்படியே நிற்கிறது என்பதை ஊர் ஊராகத் தெரிந்துகொள்ள வழியில்லை என்றால், பணமும் ஆட்களும் தேவைப்படாத இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

கேட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன சிக்கல்?

நாட்டளவிலான கணக்கெடுப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகின்றன. பொதுமக்களுக்கான தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு மிகத் தொலைவான பகுதிகளை விட்டுவிடுகிறது. பழங்குடி மக்களுக்கென்று தனியாக நடத்தப்படும் கணக்கெடுப்பு அங்கெல்லாம் போகிறது என்றாலும், ஒரு ஊரில் ஒருசில குடும்பங்களைத்தான் தொடுகிறது. அந்த விடைகளைக் கூட்டி ஒரு மாநிலத்தைப் பற்றிப் பேசலாம். ஓர் ஊரைப் பற்றிப் பேச முடியாது.

அடுத்தது, கேள்வியே அந்த வாழ்க்கைக்குப் பொருந்துவதில்லை. “நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிக்கிறீர்கள்?” என்பது தனக்கென்று பாக்கெட் வாங்கி, தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் மனிதனை மனதில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி. ஆர்ன்ஹெம் லேண்ட் ஊர் ஒன்றில் உறவுக்காரர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஒரே சிகரெட் மூன்று நான்கு கை மாறும். உதவித்தொகை வரும் நாளன்று வீட்டில் தாராளமாக இருக்கும். அடுத்த தொகைக்கு முந்தைய நாட்களில் யாரிடமும் இருக்காது. இந்த வாழ்க்கையில் ‘ஒரு நாளைக்கு இத்தனை’ என்று எதைச் சொல்வது? வாயில் வரும் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வெள்ளை உடுப்பு நர்ஸ் கேட்கும்போது கர்ப்பிணிப் பெண் குறைத்துச் சொல்வது எந்த நாட்டிலும் நடப்பதுதான். அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

அதனால்தான் ஆய்வாளர்களின் கவனம் ஊர்க்கடையின் கல்லா பக்கம் திரும்பியது.

தொலைதூரப் பழங்குடி ஊர் பலவற்றில் ஒரே ஒரு கடைதான். அரிசி, மாவு, இறைச்சி, டயப்பர், பெட்ரோல், புகையிலை எல்லாம் அங்கேதான். அடுத்த கடைக்குப் போக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மண்சாலை. மழைக்காலத்தில் அதுவும் வெள்ளத்தில் மூடிப்போனால், வடக்குப் பிரதேசத் தலைநகர் டார்வினிலிருந்து கடல்வழி வரும் சரக்குப் படகும் சிறு விமானமும்தான் கதி. வாழ்வதற்குக் கடினமான இந்தத் தனிமை, அளப்பதற்கு வசதியான ஒன்றாகிவிடுகிறது. ஊருக்குள் வரும் புகையிலையில் மிகப் பெரும்பகுதி ஒரே பில்லிங் கருவி வழியாகத்தான் போகிறது. சிட்னியிலோ மெல்பர்னிலோ ஒரு தெருவுக்குக்கூட இப்படிக் கணக்கெடுக்க முடியாது. உணவு விஷயத்தில் இந்த வழியை 1980-களின் பிற்பகுதியிலிருந்தே கையாண்டுவந்தார்கள். ஊர்க்கடையில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு காய்கறி விற்றது என்று பார்த்து ஊர் என்ன சாப்பிடுகிறது என்று கணித்தார்கள். புகையிலைக்கும் அதையே நீட்டினார்கள்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதை ஒரு கற்பனை ஊரை வைத்துப் பார்க்கலாம். ஊரில் 300 பெரியவர்கள். ஒரு மாதத்தில் கடையில் 25 சிகரெட் கொண்ட பாக்கெட் 600 விற்றிருக்கிறது. அது 15,000 சிகரெட். தாளில் சுற்றிக் குடிக்கும் புகையிலை 50 கிராம் பொட்டலமாக 400 விற்றிருக்கிறது. ஒரு சிகரெட்டுக்கு முக்கால் கிராம் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோ புகையிலை ஏறக்குறைய 26,700 சிகரெட்டுக்குச் சமம். ஆக மொத்தம் 41,700. முப்பது நாளுக்கும் 300 பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4.6 சிகரெட். புகைக்காதவர்களையும் சேர்த்து வரும் எண் இது. பெரியவர்களில் 60 சதவீதம் பேர் புகைப்பவர்கள் என்று தெரிந்தால், புகைப்பவருக்கு எட்டுக்குச் சற்றுக் குறைவு.

இந்த எளிய வகுத்தலில் கீழே நிற்கும் எண்தான் ஆபத்தானது. 300 பேர் என்று யார் சொன்னது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பே பழங்குடி மக்களில் கணிசமானவர்களைத் தவறவிடுகிறது. 2021-ல் இந்த விடுபாடு 17.4 சதவீதம் என்று புள்ளியியல் துறையே கணித்தது. மேலும் இந்த ஊர்களில் ஆட்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு பெரியவர் இறந்துவிட்டால் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் உறவினர்கள் வந்து நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் தங்குவார்கள். நம் கற்பனை ஊருக்கு ஒரு துக்கத்துக்காக 150 பேர் வந்து இரண்டு வாரம் தங்கினால், அந்த மாதத்தின் உண்மையான சராசரி ஆள்தொகை 370. ஆளுக்கு 4.6 என்று வந்த எண் 3.8 ஆகிவிடும். இது தெரியாத ஒருவர் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு அந்த மாதத்தை மட்டும் பார்த்தால், புகைப்பழக்கம் திடீரென்று கூடிவிட்டதாக அறிக்கை எழுதுவார். ஊர்க்காரர் யாரிடம் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லியிருப்பார்.

இதனால் ஒற்றை மாதத்தை எடுத்து முடிவுக்கு வரக்கூடாது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். அப்படித் தொடர்ந்து பார்க்கும்போது கல்லாக் கணக்குக்கு வேறு எந்த வழிக்கும் இல்லாத ஒரு பலம் வருகிறது. ஒரு திட்டமோ வரியோ சட்டமோ அமலுக்கு வந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை அது காட்டிவிடும். அரசின் விருப்பத்துக்கு அது வளைவதில்லை.

இதற்கு நல்ல சான்று 2007-க்குப் பிறகு நடந்தது. அந்த ஆண்டு ஆஸ்திரேலிய மத்திய அரசு வடக்குப் பிரதேசப் பழங்குடி ஊர்களில் அவசர நடவடிக்கை என்ற பெயரில் புகுந்தது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அதற்காக நிறுத்திவைத்தது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் உதவித்தொகை பெறுவோரின் பணத்தில் பாதியை ஒதுக்கிவைத்து, அதை உணவு போன்ற ‘அவசியப் பொருட்களுக்கு’ மட்டுமே செலவிடச் செய்தது. பின்னர் அதற்கென ‘பேசிக்ஸ் கார்டு’ என்ற அட்டையும் வந்தது. அந்தப் பணத்தில் மது, புகையிலை வாங்க முடியாது. புகையிலை குறைந்துவிட்டது, குழந்தைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆதாரமாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் கடை நடத்துபவர்களிடமும் மக்களிடமும் கேட்டுப் பெற்ற பதில்கள்.

டார்வினில் இயங்கும் மென்சீஸ் ஆய்வு நிறுவனத்தினர் கிழக்கு ஆர்ன்ஹெம் லேண்டின் பழங்குடிகளான யொல்ஙு சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டு பத்துக் கடைகளின் விற்பனைப் பதிவுகளை எடுத்தார்கள். 2006 அக்டோபர் முதல் 2009 செப்டம்பர் வரை, அதாவது திட்டத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று ஆண்டுகள். 2010-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. இந்தத் திட்டத்தால் புகையிலை விற்பனையில் நன்மை எதுவும் தெரியவில்லை. காய்கறி, பழ விற்பனையிலும் தெரியவில்லை. கட்டுப்பாடில்லாத மீதிப் பாதிப் பணம் புகையிலைக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்று எளிதாக ஊகிக்கலாம். நிக்கோட்டினுக்கு அடிமைப்பட்ட ஒருவர் கையில் இருக்கும் கடைசிக் காசை எதற்குச் செலவிடுவார் என்பது புகைப்பவரோடு வாழ்ந்த எவருக்கும் தெரியும். ஒரு சமூகத்தின் சுயமரியாதையைப் பறித்து நடத்திய திட்டம், சொன்ன பயனையும் தரவில்லை என்பதை நிரூபித்தது ஊர்க்கடையின் பில் பதிவு. எனக்கு இந்த ஆய்வு முக்கியமாகப் படுவது அதனால்தான்.

வரி விஷயத்தில் கதை இவ்வளவு நேராக இல்லை. 2010 ஏப்ரலில் புகையிலைக்கான வரியை அரசு ஒரே இரவில் 25 சதவீதம் உயர்த்தியது. 2013 முதல் 2020 வரை ஆண்டுக்கு 12.5 சதவீதம் மீண்டும் மீண்டும் கூட்டியது. இன்று ஒரு பாக்கெட் 40 டாலரைத் தாண்டுகிறது. விலை உயர்ந்தால் விற்பனை குறையும் என்பது உலகெங்கும் பார்த்த உண்மை. தொலைதூர ஊர்களில் அது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பகிர்ந்து புகைக்கும் வழக்கம் இருக்கும் இடத்தில் விலையேற்றத்தின் சுமையும் பகிரப்பட்டுவிடுகிறது. குறைந்த விற்பனை, குறைந்த புகைப்பவர்களைக் காட்டுகிறதா, அதே ஆட்கள் ஒரு சிகரெட்டை இன்னும் அதிகம் பேருக்குக் கைமாற்றுகிறார்களா என்பதைக் கல்லா சொல்லாது. வீட்டில் உணவுக்கான பணம் புகையிலைக்குப் போயிருக்கிறதா என்பதை மட்டும் அதே கல்லாவின் மற்ற வரிசைகளைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம்.

கடைக்கே வராத புகையிலையும் உண்டு. நடு ஆஸ்திரேலியப் பாலைநில மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு வெகு காலம் முன்பே நிக்கோட்டின் தெரிந்தவர்கள். பாறைகளின் அடிவாரத்தில் வளரும் காட்டுப் புகையிலை இலைகளைப் பறித்து, எரித்த மரப்பட்டைச் சாம்பலோடு பிசைந்து உருட்டி வாயில் அடக்கிக்கொள்வார்கள். மற்ற நேரத்தில் காதுக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். மிங்குல்பா என்பார்கள். பிச்சுரி என்ற வேறொரு செடியின் இலை, குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் பண்டமாற்றாகப் போனது. நம் வெற்றிலைப் புகையிலையில் சுண்ணாம்பு செய்யும் வேலையைத்தான் அங்கே சாம்பல் செய்கிறது: காரத்தன்மை கூடியதும் நிக்கோட்டின் இலையிலிருந்து எளிதாக விடுபட்டு வாயின் மென்தோல் வழியே ஏறுகிறது. இந்தப் பழக்கம், குறிப்பாகப் பெண்களிடம், இன்றும் இருக்கிறது. “புகைக்கிறீர்களா?” என்று கேட்டால் இவர்கள் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட. ரத்தத்தில் பார்த்தால் நிக்கோட்டின் இருக்கும். கர்ப்ப காலத்தில் அதற்கும் விளைவு உண்டு. ஆனால் கணக்கெடுப்புத் தாளில் அதற்கு இடமில்லை, கடைப் பில்லிலும் இல்லை.

வடக்குக் கரையில் புகையிலை வேறு வழியில் நுழைந்தது. இன்றைய இந்தோனேசியாவின் மக்காசர் துறைமுகத்திலிருந்து கடலட்டை எடுக்க வந்த படகுக்காரர்கள், குறைந்தது 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆண்டுதோறும் பருவக்காற்றோடு ஆர்ன்ஹெம் லேண்ட் கரைக்கு வந்தார்கள். மன்னார் வளைகுடாவில் எடுத்து அவித்து உலர்த்திச் சீனாவுக்கு அனுப்பப்பட்ட அதே சரக்குதான். கரையோர மக்களின் உழைப்புக்கும் அனுமதிக்கும் பதிலாக அவர்கள் கொடுத்தவற்றில் துணியும் இரும்பும் அரிசியும் புகையிலையும் இருந்தன. நீண்ட மரக்குழாயில் புகைக்கும் பழக்கம் அப்படி வந்தது. 1907-ல் கடைசிப் படகு போனபின் மிஷன்காரர்களும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் அந்த இடத்தைப் பிடித்தார்கள். மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை என்று ரேஷன் கொடுத்து வேலை வாங்கினார்கள். பல இடங்களில் அதுவே கூலி. பண்ணைகளில் பழங்குடித் தொழிலாளர்களுக்குச் சமச் சம்பளம் என்பது 1968-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, இந்த ஊர்களில் புகையிலையைப் பரப்பியவர்கள் யார் என்ற கேள்விக்கு வரலாற்றில் நேரடியான விடை இருக்கிறது. இன்று அதே மக்களிடம் போய் “ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்?” என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

விடமாட்டேன் என்று அவர்கள் சொல்வதும் இல்லை. 2012-13-ல் பழங்குடி மக்களே நடத்தும் மருத்துவ மையங்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில் 2,500 பேருக்கு மேல் பேசினார்கள். புகைப்பவர்களில் 70 சதவீதம் பேர் விட வேண்டும் என்றே சொன்னார்கள். ஏறக்குறைய அதே பங்கினர் ஒருமுறையாவது முயன்றும் இருந்தார்கள். ஆசை இருக்கிறது, சுற்றியிருப்பவர்கள் அனைவரும் புகைக்கும் வீட்டில் தனியாக விடுவதுதான் முடியவில்லை.

உடலிலேயே அளந்துவிடலாமே என்று தோன்றும். மூச்சை ஊதவைத்துக் கார்பன் மோனாக்சைடு அளக்கும் சிறு கருவியை ஆர்ன்ஹெம் லேண்டில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த வாயு சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். கஞ்சா புகைத்தாலும் ஏறும். விறகு நெருப்பருகே உட்கார்ந்திருந்தாலும் ஏறலாம். அங்கே கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து புகைக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினினை எச்சிலிலோ சிறுநீரிலோ பார்ப்பது இதைவிடத் துல்லியமானது. ஆனால் அது காட்டுப் புகையிலையையும் புகையை விட உதவும், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையையும் சிகரெட்டிலிருந்து பிரித்துக் காட்டாது. மூச்சுக் கருவிக்கு வேறொரு பயன் உண்டு: புகைப்பவர் தன் எண்ணைத் தானே பார்த்து, இரண்டு நாள் விட்டால் அது இறங்குவதையும் பார்க்கிறார். அளக்கும் கருவியாக அது சுமார்தான். பேச்சைத் தொடங்க உதவும் கருவியாக நன்றாகவே பயன்படுகிறது. நகரங்களின் கழிவுநீரில் நிக்கோட்டினை அளக்கும் தேசியத் திட்டம் ஒன்றும் 2016 முதல் நடக்கிறது. அது தலைநகரங்களையும் பிராந்திய நகரங்களையும் சார்ந்தது.

இவை எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, இந்தக் கணக்கு யாருடையது என்பது. ஆர்ன்ஹெம் லேண்டில் பல கடைகளை நடத்தும் ஆல்பா நிறுவனம் 1972-ல் தொடங்கியது. அது பழங்குடி மக்களுக்கே சொந்தமானது. அங்கே விற்பனைப் பதிவைப் பார்க்க ஆய்வாளர்கள் அனுமதி கேட்க வேண்டியவர்கள் அந்த மக்களின் பிரதிநிதிகள். மற்ற இடங்களில் நிலைமை எப்போதும் அப்படி இல்லை. ஊரின் பெயர் வெளியே தெரிந்தால் ‘அந்த ஊரா?’ என்ற முத்திரை விழும். முந்நூறு பேர் உள்ள ஊரில் ஒரு சராசரிகூட எளிதில் அடையாளம் காட்டிவிடும். அதனால்தான் நல்ல ஆய்வுகள் ஊர்ப்பெயரை மறைக்கின்றன. தங்களைப் பற்றிய தரவின் மீது தங்களுக்கே அதிகாரம் வேண்டும் என்று ஆஸ்திரேலியப் பழங்குடி அறிஞர்கள் 2017-ல் ‘மையம் நாய்ரி விங்கரா’ (Maiam nayri Wingara) என்ற கூட்டமைப்பைத் தொடங்கியதற்குப் பின்னால், பல தலைமுறையாக அளக்கப்பட்டும் எதுவும் திரும்பி வராத அனுபவம் இருக்கிறது.

கணக்கு திரும்பி வரும்போது வேறு மாதிரி வேலை செய்கிறது. பழங்குடிப் புகைத்தடுப்புத் திட்டம் 2010-ல் தொடங்கியபோது அதன் தேசிய ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றவர் டாம் கால்மா, தானும் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தத் திட்டத்தின் குழுக்கள் வட்டாரம் வட்டாரமாக அந்தந்த மக்களாலேயே நடத்தப்படுகின்றன. கிழக்கு ஆர்ன்ஹெமில் மிவாட்ஜ் மருத்துவ அமைப்பின் ‘யாக்கா ஙராலி’ குழுவினர் யொல்ஙு மொழியிலேயே பேசி, பள்ளியிலும் விளையாட்டு மைதானத்திலும் மக்களைச் சந்திக்கிறார்கள். இப்படிப்பட்ட குழுவின் கையில் ஊர்க்கடையின் மாதாந்திர எண் இருந்தால், போன விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள், சரக்குப் படகு எப்போது தாமதமானது என்பதெல்லாம் தெரிந்தவர்களே அதைப் படிப்பார்கள். டார்வினிலோ கான்பெராவிலோ இருந்து படிப்பதைவிட அது நம்பகமானது.

இப்போது அந்த எண்ணுக்கே ஒரு புதிய சோதனை வந்திருக்கிறது. சட்டப்படி விற்கும் சிகரெட் இவ்வளவு விலை ஏறியதும் ஆஸ்திரேலியா முழுவதும் கள்ளச் சந்தை வளர்ந்துவிட்டது. 2024 ஜூலையிலிருந்து வேப் எனப்படும் மின்சிகரெட் கருவிகளை மருந்துக்கடையில் மட்டுமே விற்கலாம் என்று சட்டம் வந்தபிறகும் அவை வேறு வழிகளில் இளைஞர்கள் கைக்குப் போகின்றன. டார்வினுக்குப் போய்வரும் ஒருவரின் பையில் வரும் பாக்கெட் ஊர்க்கடையின் பில்லில் ஏறாது. ஆகவே இனி ஒரு தொலைதூர ஊரில் புகையிலை விற்பனை இறங்கினால், அதை வெற்றியாக அறிவிக்கும் முன் ஊர் மருத்துவ மையத்தின் பதிவேட்டில் விட்டவர்கள் எண்ணிக்கையும் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை இந்த மையங்கள் நோயாளிகளின் புகைப்பழக்க நிலையை ஏற்கெனவே பதிந்து அனுப்புகின்றன. கடைப் பதிவு ஒரு அலுவலகத்துக்கும் மருத்துவப் பதிவு இன்னொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் போகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஊரிலேயே படிக்கும் ஏற்பாடு முதலில் வர வேண்டும்.